வாசகர் கேள்வி பதில்: சைலன்சருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

மழை விட்டுத் தை பிறந்ததும் ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்து, குனிந்து அடிப்பக்கம் பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பார்த்த கையோடு கடிதம் எழுதிவிடுகிறார்கள். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் சைலன்சர் துருதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகர்: அண்ணே, எங்கள் அப்பச்சி வாங்கிய அம்பாசடர் இன்னும் வீட்டில் ஓடுகிறது. சைலன்சர் முழுக்கத் துரு. வாசல் கேட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சில்வர் பெயிண்டை நானே அடித்தேன், பளிச்சென்றுதான் இருந்தது. காரைக்குடி போய்த் திரும்புவதற்குள் ஒரே புகை, நாற்றம். இரண்டு நாளில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. கீழே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காததுதான் தப்பா?

ரெட் ஆக்சைடு அடித்திருந்தால் அதுவும் சேர்ந்து உரிந்திருக்கும் தம்பி. கேட், ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் பெயிண்டில் எண்ணெயும் பிசினும் கலந்த ஒரு கூழ்தான் நிறத்தை இரும்போடு ஒட்டவைக்கிறது. அந்தக் கூழ் வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும், அடுப்புச் சூட்டைத் தாங்காது. வண்டியில் எஞ்சினை ஒட்டி, அதிலிருந்து வரும் புகையை முதலில் வாங்கும் குழாயான மேனிஃபோல்ட் 600 டிகிரிக்கு மேலேகூடப் போகும். பின்னால் வர வர சூடு குறைந்தாலும், கடைசியில் தொங்கும் சைலன்சர் டப்பாவே நெடுந்தூரம் ஓடினால் 200, 300 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் பார்த்த புகை, அந்தக் கூழ் கருகிய புகை.

கடையில் 'ஹீட் ரெசிஸ்டன்ட் அலுமினியம் பெயிண்ட், 600 டிகிரி' என்று சொல்லிக் கேளுங்கள். அரிசி ஆலைகளில் பாய்லர் புகைக்குழாய்க்கு அடிப்பதும் இந்த வகைதான், அதனால் புதுவயல், காரைக்குடிப் பக்கம் பெரிய பெயிண்ட் கடைகளில் கேட்டால் தெரியாதென்று சொல்லமாட்டார்கள். இதில் ஒட்டவைக்கும் பொருள் சிலிக்கோன் பிசின். அதற்குள் கிடக்கும் அலுமினியம் பொடி மீன் செதில் மாதிரி தட்டைத் தட்டையானது. காயும்போது அந்தச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து படுத்துக்கொள்ளும், நம் வீட்டு நாட்டு ஓடு ஒன்றின் விளிம்பை ஒன்று மூடிக் கிடக்கிற மாதிரி. தண்ணீர் நேராக இரும்புக்கு இறங்க வழி இருக்காது. கறுப்பு வேண்டுமென்றால் அதே சூடு தாங்கும் கறுப்பும் ஸ்ப்ரே டப்பாவில் கிடைக்கிறது, நான் சில்வரையே சொல்வேன். ஒரு சைலன்சருக்கும் குழாய்க்கும் கால் லிட்டர் வாங்கினால் மிஞ்சும்.

இந்தப் பெயிண்டுக்குப் பொதுவாக பிரைமர் வேண்டாம், வெறும் இரும்பின்மேலேயே அடிக்கலாம். டப்பாவில் வேறு மாதிரி எழுதியிருந்தால் டப்பா சொல்வதைக் கேளுங்கள். பட்டி பூசுவது, துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைத் தடவுவது, இரண்டும் இங்கே கூடாது. சூடு ஏறியதும் அந்த அடுக்கு பெயர்ந்து மேலே உள்ள பெயிண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

தேவகோட்டை வாசகர்: பெயிண்ட் வாங்கிவிட்டேன். துருவை எவ்வளவு தூரம் சுரண்டவேண்டும்? வண்டியிலேயே வைத்து அடிக்கலாமா, கழற்ற வேண்டுமா?

கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுரண்டினால் கீழ்ப்பக்கம் மட்டும்தான் சுத்தமாகும். துரு ஏறியிருப்பதோ பெரும்பாலும் டப்பாவுக்கு மேலே, மண்ணும் ஈரமும் சேர்ந்து உட்காரும் இடத்தில்.

முதலில் வண்டி முழுக்க ஆறியிருக்கவேண்டும். ராத்திரியே கிளாம்ப் நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை ஊற்றி விட்டுவிட்டால் காலையில் ஸ்பானருக்கு இறங்கிவரும், பிடிவாதமாக முறுக்கினால் போல்ட் ஒடியும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் வெறும் ஜாக்கியை நம்பிப் போகவே கூடாது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு பக்கமும் கொடுங்கள், முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நம் ஊரில் செங்கல்லையோ செம்பாறைக் கல்லையோ அடுக்கி மேலே வண்டியை உட்காரவைக்கும் பழக்கம் இருக்கிறது. பாரம் ஏறினால் அந்தக் கல் எந்தச் சத்தமும் கொடுக்காமல் நொறுங்கும். வேண்டவே வேண்டாம்.

கழற்றியதும் மரக் கைப்பிடியால் டப்பாவைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பட்டறையில் சேர்ந்த புதிதில் எனக்கு முதலில் சொல்லித்தந்த வேலை இதுதான். தகடு நன்றாக இருக்கிற இடத்தில் கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சொத்தென்று கேட்கும். சொத்தென்று கேட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்த சைலன்சருக்குப் பெயிண்ட் அடிப்பது வீண், பணத்தைப் புது சைலன்சருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேறியது என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, தார், செம்மண் எல்லாம் போக சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். குழாய் வாய் இரண்டையும் துணியால் அடைத்துவிட்டுக் கழுவுங்கள், அடைத்த துணியைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள். அப்புறம் வயர் பிரஷ், அதற்குப் பின் 80 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 120 அல்லது 180. எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். விரலால் தேய்த்தால் விரலில் பழுப்பு ஒட்டக்கூடாது. குழிக்குள் கறுப்பாக, இறுக்கமாக நிற்கும் துரு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, பொடிந்து வருகிற துரு ஒரு இணுக்குகூட இருக்கக்கூடாது. உப்புத்தாள் போட்ட கீறல்களும் தேவைதான், பெயிண்ட் பிடித்துக்கொள்ள அதுதான் இடம். பொடி பறக்கும், கண்ணாடியும் மூக்குத் துணியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சுரண்டி முடித்த இரும்பை ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிட்டு மறுநாள் அடிக்கலாம் என்று விடாதீர்கள். பனி விழுகிற காலத்தில் காலையிலேயே லேசாகப் பழுப்பு ஏறியிருக்கும். அன்றைக்கே தின்னர் நனைத்த பழைய வேட்டித் துணியால் துடையுங்கள், துணி அழுக்காகாமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள், அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். கை வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது, தொட்ட இடம் ரேகையோடு உரிந்து வரும்.

அடிக்கும்போது மெல்லிசாக அடிக்கவேண்டும். பிரஷ் என்றால் டப்பாவை அடியோடு கலக்கிக்கொள்ளுங்கள், செதிலெல்லாம் அடியில் படிந்து கிடக்கும். ஸ்ப்ரே என்றால் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு அடி தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். முதல் கையில், அதாவது முதல் பூச்சில், இரும்பு அங்கங்கே தெரிந்தால் தெரியட்டும். கால் மணி நேரம் விட்டு அடுத்தது, மொத்தம் இரண்டு, மிஞ்சினால் மூன்று கை. நம் வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்புக் காரையை ஒரே பூச்சாக அப்பவில்லை, மெல்லிய பூச்சு பூச்சாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார்கள், அதனால்தான் இன்றும் கண்ணாடி மாதிரி நிற்கிறது. இங்கே தடிமனாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் சூட்டில் கொப்புளமாகக் கிளம்பும்.

சைலன்சர் டப்பாவின் தாழ்ந்த மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல சைலன்சர்களில் வைத்திருப்பார்கள். துருவால் விழுந்த ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் இறங்கத்தான் அது. ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்து, பிறகு எடுத்துவிடுங்கள். இணைப்பு வாய், போல்ட் மரை, தாங்கும் ரப்பர் மூன்றிலும் பெயிண்ட் படக்கூடாது.

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் வரும்போது ஓட்டத்தான் கார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தினமும் காலையில் தவறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். வெயிலில் நிற்பதில்லை, மழையில் நனைவதில்லை. போன தடவை நல்ல பெயிண்ட்டாகவே அடித்தோம், மேலே பெயிண்ட் அப்படியே இருக்கிறது, சைலன்சர் மட்டும் ஓட்டை. எப்படி?

ஆச்சி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடம்தான்.

பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து தண்ணீராகிறது. வண்டி நன்றாக ஓடிச் சூடேறிவிட்டால் அது ஆவியாகவே பின்னால் போய்விடும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் முன்குழாய் மட்டும் சூடாகியிருக்கும், கடைசியில் இருக்கும் சைலன்சர் இன்னும் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கும். அந்த ஆவி அங்கே போய், இட்லிப் பாத்திர மூடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கிற மாதிரி கோத்து அடியில் தேங்கிவிடும். புகையில் இருக்கும் அமிலச் சத்தும் அதில் கரையும். தினமும் கொஞ்சம் ஊற்றி, வற்றுவதற்குள் மறுநாள் திரும்ப ஊற்றுகிற மாதிரி. வருஷம் முழுக்க உள்ளே ஈரம்.

துரு என்பதே ஈரம் பட்ட இரும்பில் நடக்கிற ஒரு மின்வேதியியல் வேலை. இதையெல்லாம் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் செக்ரி என்கிறோமே, 1953 பொங்கல் சமயத்தில் திறக்கப்பட்டது நம் காரைக்குடியில்தான், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். இரும்பு அரிப்பைத் தடுப்பது அங்கே ஒரு பெரிய துறை. இவ்வளவு பக்கத்தில் அது இருந்தும், வீட்டு வண்டியை நாமே தினமும் ஐந்து நிமிடம் வைத்து உள்ளிருந்து அரிக்கவிடுகிறோம் என்பதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டம். வெளியே அடிக்கும் பெயிண்ட் வெளியிலிருந்து வரும் துருவைத்தான் தடுக்கும். உள்ளே பிரஷ் போகாது, பெயிண்ட் ஊற்றிக் குலுக்குவதும் பலிக்காது.

அவரிடம் தினமும் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார், கோபித்துக்கொள்ளவேண்டாம். பேட்டரிக்கும் அந்த ஐந்து நிமிடத்தால் நன்மை இல்லை, ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட்டையே அது முழுசாகத் திருப்பித் தராது. வாரத்துக்கு ஒரு நாள், இல்லாவிட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை, ஓட்டத் தெரிந்த ஒருவரை வைத்து அரை மணி நேரம் சாலையில் ஓடவிடுங்கள். குன்றக்குடி போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்தாலே போதும். அதற்கும் ஆளில்லை என்றால் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா நிற்கவிடுங்கள், அது இதைவிட எவ்வளவோ மேல்.

பள்ளத்தூர் வாசகர்: 600 டிகிரி பெயிண்ட் அடித்து இரண்டு நாள் காயவைத்தேன். நகத்தால் கீறினால் இன்னும் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்தது போலத் தெரியுமே தவிர, இறுகுவது சூட்டில்தான். சுமார் 200 டிகிரி ஏறினால்தான் சிலிக்கோன் பிசின் கெட்டிப்படும். சட்டியைப் புதிதாக வாங்கினால் பழக்கி எடுத்துத்தானே சமைக்கிறோம், அப்படி இதையும் பழக்கவேண்டும்.

வண்டியில் மாட்டி, பத்து நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்திலேயே, ஓடவிட்டு நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். அடுத்து இருபது நிமிடம், மறுபடி ஆறவிடுங்கள். மூன்றாவது அரை மணி நேரம். ஐடிலில் மட்டும் கடைசி டப்பா போதிய சூட்டுக்கு வராது, அதனால் இதெல்லாம் முடிந்ததும் காரைக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை ஒரே மூச்சில் போய் வாருங்கள். முதல் நாள் லேசாகப் புகையும், வாசனையும் வரும், பயப்படவேண்டாம். மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள், வராது. பழகி முடியும்வரை தண்ணீர் தேங்கிய சாலையில் இறக்காதீர்கள்.

இந்த ஓட்டுகிற வேலையெல்லாம் திறந்த வெளியில். நம் பெரிய வீடுகளில் கார் ஷெட் ஒரு பக்கம் சுவர், மேலே ஓடு, முன்னால் கனத்த மரக்கதவு. உள்ளே வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அம்பாரமாகப் புகை தெரியவில்லையே என்று நிற்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து நடக்கக் காலில் வலு இருக்காது. வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஓடவிடுங்கள், குழந்தைகளை ஷெட் பக்கம் விடாதீர்கள்.

அம்பாசடர் பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் கார்புரேட்டரும் புகை மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக இருக்கின்றன. மேனிஃபோல்டுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துப் பழக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

காரைக்குடி வாசகர்: புதுக் கார், பிஎஸ் 6, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அடியில் குழாயெல்லாம் செம்பழுப்பாக இருக்கிறது. இப்போதே பெயிண்ட் அடித்துவிடவா?

வேண்டாம். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் குரோமியம் குறைந்த ஒரு வகை ஸ்டெயின்லெஸ், அல்லது அலுமினியம் பூசிய இரும்பு. ஸ்டெயின்லெஸ்ஸில் மேலோட்டமாகப் பழுப்பு ஏறும், தகட்டுக்குள் இறங்காது. சாதாரண இரும்பு வயர் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் கெடுதல், பிரஷ்ஷிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அங்கே நிஜத் துரு கிளம்பும். அலுமினியம் பூசியதாக இருந்தால் அந்தப் பூச்சே தேய்ந்து போகும். முன்னால் இருக்கும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், டீசல் வண்டியில் புகை வடிகட்டி, ஆக்சிஜன் சென்சார், இவற்றின் பக்கம் பிரஷ்ஷே போகக்கூடாது. கழுவும்போது அடியில் ஒட்டிய செம்மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள், அது போதும்.

புதுவயல் வாசகர்: மிளகு அளவு ஓட்டை. எம்-சீல் வைத்து மேலே பெயிண்ட் அடித்தால் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு நெடும் பயணம்கூடத் தாங்காது, அந்தப் பசை சூட்டில் கருகும். ஓட்டையைச் சுற்றித் தகடு கெட்டியாக இருந்தால் பட்டை வைத்து வெல்டிங் வையுங்கள். வண்டியில் மாட்டியபடியே எலெக்ட்ரிக் வெல்டிங் என்றால் பேட்டரி வயர்களைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்து அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு அப்புறம் பெயிண்ட்.

அரிமளம் வாசகர்: எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பு காயவே காயாது. ஆடியில் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்ட்டில் ஒட்டும். சித்திரை உச்சி வெயிலிலும் வேண்டாம், பெயிண்ட் படியுமுன்னே உலர்ந்து சொரசொரப்பாகிவிடும், காலை எட்டு, ஒன்பது மணிக்கு நிழலில் வைத்து அடியுங்கள். பட்டாலைக்கோ ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கோ கொண்டுபோகாதீர்கள், சிந்தின அலுமினியம் பெயிண்ட்டை அந்தக் கல்லிலிருந்து எடுக்க முடியாது.

நெற்குப்பை வாசகர்: அறுவடை நேரத்தில் சாலையில் பரப்பிய கதிர் மேலேதான் வண்டியை ஓட்டிப் போகவேண்டியிருக்கிறது. பெயிண்ட் அடித்த சைலன்சர் சீக்கிரம் தீப்பிடிக்குமா?

நன்றாகப் பழக்கிய பெயிண்ட் எரியாது. வைக்கோல் எரியும், பெயிண்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும். குழாய்க்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் ஒரு பிடி வைக்கோல் சுற்றிக்கொண்டு, வண்டி நெடுஞ்சாலையில் ஏறிச் சூடு கூடும்போது பற்றிக்கொள்ளும். அதனால் கதிர் பரப்பிய இடத்தைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். சிக்கியிருந்தால் கையை விடாதீர்கள், ஒரு கம்பை வைத்து இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தொட்டால் தோல் போய்விடும் அளவுக்குக் குழாய் அப்போது சூடாக இருக்கும்.